முதல் மது வழக்கு, பழைய தண்டனை: நீதிமன்றம் எதைக் கணக்கில் எடுக்க வேண்டும்?

கரைமேடு:
என் தம்பிக்கு வயது 34. சென்ற வாரம் விடியற்காலையில், மது அருந்திய நிலையில் கார் ஓட்டியதாக அவன் மீது வழக்குப் பதிவாகியிருக்கிறது. எதன் மீதும் மோதவில்லை, யாருக்கும் காயமில்லை, மது தொடர்பான வழக்கும் இதற்கு முன் அவன் மீது இருந்ததில்லை. ஆனால் 11 ஆண்டுகளுக்கு முன் ஒரு கைகலப்பில் ஒருவரைத் தாக்கியதற்காகத் தண்டிக்கப்பட்டு, அபராதம் கட்டி, ஓராண்டு நன்னடத்தைப் பிணையையும் முடித்தவன் அவன். அண்மையில் வேக வரம்பை மீறியதற்காக இரண்டு முறை அபராதம் கட்டியிருக்கிறான். முதல் நாளே குற்றத்தை ஒப்புக்கொண்டு முடித்துவிடு என்று வீட்டில் ஒருவர் சொல்கிறார். பழைய வழக்கைப் பற்றி வாயே திறக்காதே என்று இன்னொருவர் சொல்கிறார். நான்கு மணி நேரம் தூங்கி எழுந்த பிறகுதான் வண்டியை எடுத்தேன் என்பது அவன் தரப்பு. இதை முதல் குற்றமாகத்தானே கருத வேண்டும்? எப்போதோ முடிந்துபோன கைகலப்பை இதில் கொண்டுவந்து சேர்ப்பது நியாயமா?

வெள்ளைக்கோடு:
சேர்ப்பதுதான் நியாயம் என்பது என் கருத்து. முதல் குற்றத்துக்குச் சட்டம் காட்டும் இரக்கம், அந்த மனிதர் நீதிமன்றத்தை இதற்கு முன் பார்த்ததில்லை, ஒரு முறை எச்சரித்தால் போதும் என்ற நம்பிக்கையில் பிறப்பது. உங்கள் தம்பி அந்த எச்சரிக்கையை ஏற்கெனவே பெற்றுவிட்டார். ஒரு நீதிபதியின் முன் நின்று, ஓராண்டு முழுவதும் ஒழுங்காக நடப்பேன் என்று எழுதிக் கொடுத்தவர், பிறருடைய உடலுக்குத் தீங்கு வரும் செயலில் மீண்டும் இறங்கினால், அவரையும் வாழ்நாளில் ஒரு வழக்கும் பார்க்காத ஒருவரையும் ஒரே தட்டில் வைப்பது அந்த இன்னொருவருக்குச் செய்யும் அநீதியாகும். வேக அபராதங்கள் இதைவிட முக்கியமானவை, ஏனெனில் அவை அண்மையில் நிகழ்ந்தவை, சாலையில் நிகழ்ந்தவை.

சட்டத்தாள்:
இங்கே மூன்று கேள்விகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன, நண்பர்களே. குற்றம் நடந்ததா என்பது முதலாவது. இதில் பழைய தண்டனைக்குப் பொதுவாக இடமில்லை. அன்று அடித்தவன் இன்று குடித்துவிட்டு ஓட்டியிருப்பான் என்று அரசுத் தரப்பு வாதிட முடியாது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டம் தன் 54ஆவது பிரிவில் இதைத் தெளிவாகச் சொன்னது, எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், தன் நற்குணத்துக்குத் தானே சாட்சியம் கொண்டுவந்தால் மட்டும் கதவு திறக்கும். ஆகவே "என் கட்சிக்காரர் அப்பழுக்கற்றவர்" என்று ஆர்வத்தில் சொல்லிவிடுவது பெரும் தவறாக முடியலாம்.

சட்டம் சொல்லும் "முதல் குற்றம்" எது என்பது இரண்டாவது கேள்வி. இந்திய மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆவது பிரிவு முதல் முறைக்கு 6 மாதம் வரையும், மறுமுறைக்கு 2 ஆண்டு வரையும் சிறை விதிக்க இடமளிக்கிறது. அந்த மறுமுறை என்பது மது அருந்தி ஓட்டிய அதே வகைக் குற்றத்தைக் குறிக்கும், கைகலப்பை அன்று. இங்கிலாந்திலும் மது அருந்தி ஓட்டியதற்கான முதல் தண்டனையில் குறைந்தது 12 மாதமும், 10 ஆண்டுக்குள் இரண்டாவது முறையானால் பொதுவாகக் குறைந்தது 3 ஆண்டும் ஓட்டுநர் உரிமம் பறிபோகும், அங்கும் எண்ணப்படுவது இவ்வகைக் குற்றங்களே. எனவே பெரும்பாலான இடங்களில் உங்கள் தம்பி முதல் குற்றவாளிதான்.

மூன்றாவது, வரம்புக்குள் எவ்வளவு தண்டனை என்பது. பழைய பதிவு உண்மையில் நுழையும் வாசல் இதுதான். இங்கிலாந்தின் 2020ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம், 65ஆவது பிரிவில், முந்தைய தண்டனைக்கும் இப்போதைய குற்றத்துக்கும் உள்ள தொடர்பு, இடையில் கழிந்த காலம் ஆகிய இரண்டையும் பார்த்து முடிவெடுக்கச் சொல்கிறது. வெள்ளைக்கோடு சொல்வதுபோல ஒருவருடைய குற்றப் பின்னணி முழுவதையும் மூட்டையாகக் கட்டித் தராசில் ஏற்றினால், 23 வயதில் செய்த தவறுக்கு ஒருவர் இரண்டாம் முறையும் தண்டனை அனுபவிக்கிறார். அதை நான் ஏற்கமாட்டேன்.

பின்னிருக்கை:
ஒன்பது ஆண்டுகளுக்கு முன் என் சித்தப்பா ஓட்டிய காரின் பின் இருக்கையில் இருந்தவள் நான். அவர் மீதும் அதுவே முதல் வழக்கு. அதற்கு முன் எத்தனையோ இரவுகள் குடித்துவிட்டு எங்களை அவர் பத்திரமாக வீடு சேர்த்திருந்தார் என்பதால்தான் அன்றும் நாங்கள் ஏறினோம். என் இடுப்பெலும்பு இன்றுவரை சரியாகச் சேரவில்லை. பிடிபட்டது முதல் முறையா, ஓட்டியது முதல் முறையா என்பதைச் சட்டத்தால் பிரித்துப் பார்க்க முடியாது. அண்ணனான உங்களால் கேட்க முடியும். கேட்டீர்களா?

நான்கு மணி நேரத் தூக்கத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். உடல் மதுவை 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு மணிக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் என்ற அளவில்தான் குறைக்கும், ஆளுக்கு ஆள் சிறிது மாறும். காப்பியோ குளியலோ அந்த வேகத்தைக் கூட்டாது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 120 மில்லிகிராமுடன் படுத்தவர் நான்கு மணி நேரம் கழித்து எழும்போதும் 60 அளவில் இருப்பார். இந்தியாவில் வரம்பு 30, ஸ்காட்லாந்தில் 50, சுவீடனில் 20. தூங்கினேன் என்பதை அவர் நம்பிச் சொல்லலாம், அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனாலும் அது தற்காப்பு ஆகாது.

கரைமேடு:
அம்மா, உங்கள் வலியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அந்தக் கேள்வியை அவனிடம் நான் கேட்கவில்லை என்பதே உண்மை. இன்று கேட்கிறேன்.

வெள்ளைக்கோடு:
சட்டத்தாள் அவர்களே, நான் மூட்டை கட்டச் சொல்லவில்லை. தாக்குதல் வழக்கில் ஒருவர் தன்னைக் கட்டுப்படுத்தத் தவறினார், வேக அபராதங்களிலும் அப்படியே, இதிலும் அப்படியே. நிகழ்வுகள் வேறு, குறை ஒன்று. தொடர்பு வேண்டும் என்று நீங்கள் காட்டிய சட்டமே கேட்கிறது, தொடர்பு இதுதான் என்று நான் காட்டுகிறேன். நன்னடத்தை காட்டி விடுதலையாகும் வழியிலும் பழைய தண்டனை முன்னால் வந்து நிற்பதில்லையா?

சட்டத்தாள்:
அது நல்ல கேள்வி. இந்தியாவின் 1958ஆம் ஆண்டுக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தில், கண்டித்து விடுவிக்க வழிசெய்யும் 3ஆவது பிரிவு, முந்தைய தண்டனை எதுவும் மெய்ப்பிக்கப்படாதவருக்கே உரியது. அங்கே பழைய வழக்கு, எவ்வளவு பழையதானாலும், அந்த வாசலை மூடிவிடும். நன்னடத்தைப் பிணையில் விடுவிக்கும் 4ஆவது பிரிவில் அத்தகைய தடை இல்லை. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை இருந்தால் அதைப் பார்த்து, சூழ்நிலையையும் குணத்தையும் கருதி நீதிபதி முடிவெடுக்கலாம். ஒரே சட்டத்துக்குள் இரண்டு மனப்பான்மைகள் இருக்கின்றன. இரண்டாவதே நியாயம் என்பது என் நிலை. ஏனெனில் "கட்டுப்பாடின்மை" என்று நீங்கள் பெயரிட்டால் ஏறக்குறைய எல்லாக் குற்றங்களும் அதற்குள் அடங்கிவிடும், பிறகு தொடர்பு என்ற சோதனைக்குப் பொருளே இருக்காது.

கரைமேடு கேட்ட நடைமுறைக் கேள்விக்கு வருகிறேன். முதல் நாளே ஒப்புக்கொள்ள வேண்டாம். ஒப்புக்கொள்வதே தவறு என்று நான் சொல்லவில்லை. பரிசோதனைக்கு முன் வாயில் மிச்சமிருக்கும் மது அளவைக் கூட்டிக் காட்டாதபடி 15 நிமிடம் போலக் காத்திருந்தார்களா, கருவி உரிய காலத்தில் சரிபார்க்கப்பட்டதா, பதிவான அளவு என்ன என்பதைப் பார்க்காமல் ஒப்புக்கொள்வது தவறு. அவசரத்தில் வாங்கிய தண்டனை பிற்காலத்தில் எப்படித் திரும்பி வரும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 1994ஆம் ஆண்டு நிக்கோல்ஸ் தீர்ப்பு சான்று: வழக்கறிஞர் இல்லாமல், மது அருந்தி ஓட்டியதற்காக ஒருவர் பெற்ற தண்டனை, அதற்காக அவர் சிறை செல்லாதிருந்தபோதும், பின்னர் வேறொரு வழக்கில் அவருடைய தண்டனையைக் கூட்டப் பயன்பட்டது செல்லும் என்று அது கூறியது. பழைய வழக்கை வழக்கறிஞரிடம் மறைக்கவும் வேண்டாம். அந்தத் தீர்ப்பின் நகலை வாங்கி, பிணைக்காலம் எந்தத் தேதியில் முடிந்தது என்பதை உறுதி செய்யுங்கள். பிணைக்காலத்துக்குள் நடந்த புதிய குற்றம் என்றால் பழைய வழக்கே மீண்டும் உயிர் பெறலாம்.

கரைமேடு:
நகல் கிடைத்துவிட்டது. பிணைக்காலம் 10 ஆண்டுகளுக்கு முன்பே முடிந்துவிட்டது. ஆனால் அந்தத் தீர்ப்பின் இரண்டாம் பக்கத்தில் நான் அறியாத ஒரு வரி இருக்கிறது: சம்பவத்தின்போது எதிரி மது அருந்தியிருந்தார் என்று ஒரு சாட்சி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. தம்பியிடம் கேட்டேன். ஆமாம் என்றான். பின்னிருக்கை கேட்கச் சொன்ன கேள்வியையும் கேட்டேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, எண்ணிப் பார்த்ததில்லை என்றான்.

வெள்ளைக்கோடு:
இதைக் கேட்டு நான் மகிழவில்லை. ஆனால் தொடர்பு எங்கே என்ற வினாவுக்கு இனி நான் விடை தேட வேண்டியதில்லை.

சட்டத்தாள்:
ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கைகலப்பு இதற்குத் தொடர்பற்றது என்று எடுத்துக்கொண்டு வாதிட்டேன். தீர்ப்பைப் படிக்காமல் அப்படி எடுத்துக்கொண்டது என் பிழை. கழிந்த காலம் இன்னமும் அவருக்குத் துணை நிற்கும், தொடர்பின்மை நிற்காது. அரசுத் தரப்பு அந்த வரியைப் படித்தால் தண்டனைக் கட்டத்தில் நிச்சயம் எடுத்துக்காட்டும். எனவே தண்டனை விசாரணைக்கு முன்பே அவர் ஒரு மருத்துவரிடம் மதுப் பழக்க மதிப்பீட்டுக்குச் செல்லட்டும். உலக சுகாதார அமைப்பு உருவாக்கிய 10 கேள்விகள் கொண்ட ஒரு படிவம் இருக்கிறது. 40க்கு 8 அல்லது அதற்கு மேல் வந்தால் தீங்கு தரக்கூடிய பழக்கம் என்று கொள்வார்கள். விடைகளை உண்மையாக எழுதச் சொல்லுங்கள். அறிக்கையை நீதிமன்றத்தில் வைப்பதா இல்லையா என்பதை வழக்கறிஞர் முடிவு செய்வார், சிகிச்சை தேவைப்பட்டால் அதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

வெள்ளைக்கோடு:
ஒரு விலக்கோடு இதை ஏற்கிறேன். சிகிச்சைக்குச் சென்றார் என்பதைக் காட்டித் தகுதியிழப்புக் காலத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள். அபராதம் குறையட்டும், சிறை வேண்டாம் என்றுகூட நானும் சொல்வேன். ஓட்டுநர் உரிமம் மட்டும் முழுக்காலமும் விலகியே இருக்கட்டும்.

சட்டத்தாள்:
வேலைக்குப் போகும் வழியே அதுதான் என்றால்?

பின்னிருக்கை:
நான் இரண்டாண்டு காலம் ஊன்றுகோலோடு பேருந்தில் வேலைக்குப் போனேன், ஐயா.

கரைமேடு:
வழக்கறிஞரை வியாழக்கிழமை பார்க்கிறோம். தீர்ப்பின் இரண்டு பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போகிறோம். கார்ச் சாவியை அவனே என்னிடம் கொடுத்துவிட்டான், நான் கேட்கவில்லை.