எக்ஸ்ரே கேமரா −60 டிகிரியில் நின்றும் டார்க் ஃப்ரேம் வெளுக்கிறது, பெல்டியர் போய்விட்டதா?

கேள்வி:
வணக்கம். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை, யாராவது வழி சொல்லுங்கள். எங்களுடையது வெற்றிட அறைக்குள் நேராகப் பொருத்திய சிசிடி (ஒளியை மின்னூட்டமாக மாற்றும் சிலிக்கான் சென்சார்) கேமரா. சென்சாருக்கு முன்னால் கண்ணாடியும் இல்லை, ஷட்டரும் இல்லை. பெல்டியர் (மின்சாரம் பாய்ந்தால் ஒரு பக்கம் குளிரும் தகடு) குளிரூட்டல், அதன் சூட்டைத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போகும். மென் எக்ஸ்ரேயில், அதாவது குறைந்த ஆற்றல் எக்ஸ்ரேயில், படம் எடுக்கிறோம்.

முன்பெல்லாம் −60 டிகிரியில் டார்க் ஃப்ரேம் (எந்த ஒளியும் படாமல் எடுக்கும் படம்) கன்னங்கரேலென்று வரும். இப்போது எக்ஸ்ரேயை அணைத்துவிட்டு எடுத்தாலும் பயஸுக்கு (கேமரா எப்போதும் காட்டும் அடிப்படை எண்ணுக்கு) மேல் 10 விநாடியில் பிக்சலுக்கு 80 கவுண்ட், 100 விநாடியில் 800. வெப்பநிலை எண் அசையவே இல்லை. பெல்டியர் போயிருக்கும், பழுதுக்கு அனுப்பு என்கிறார்கள். அனுப்பினால் வேலை மாதக்கணக்கில் நின்றுவிடும்.

பதில் 1:
முதலில் தண்ணீர் ஓட்டத்தைப் பாருங்கள். வடிகட்டி அடைத்துக்கொண்டால் பெல்டியர் திணறும்.

கேட்டவர்:
பார்த்துவிட்டேன் சார். ஓட்டம் சரியாக இருக்கிறது. பெல்டியர் இழுக்கும் மின்சாரமும் பழைய அளவுதான்.

பதில் 2:
அப்படியானால் அனுப்பாதீர்கள், பொறுங்கள். நேரத்தோடு ஏறுவதால் மட்டும் அது டார்க் கரண்ட் (ஒளியே இல்லாமல் வெப்பத்தால் சென்சாரில் சேரும் சிக்னல்) ஆகிவிடாது. கசியும் வெளிச்சமும் அப்படித்தான் ஏறும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது வெப்பநிலை. சிலிக்கானில் டார்க் கரண்ட் ஏறக்குறைய 6, 7 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிக்கும். −40-க்கு ஏற்றி அதே 10 விநாடி எடுத்துப் பாருங்கள். டார்க் கரண்ட்தான் என்றால் அந்த 80, 600 அல்லது 800 வரை எகிற வேண்டும். எகிறாவிட்டால் சென்சார் எதையோ பார்த்துக்கொண்டிருக்கிறது.

அந்த டார்க் ஃப்ரேமின் காண்ட்ராஸ்டையும் நன்றாக ஏற்றிப் பாருங்கள்.

கேட்டவர்:
−40-இல் வெறும் 83! காண்ட்ராஸ்டை ஏற்றினால் வலது கீழ் மூலை வெளிறித் தெரிகிறது, மேலே போகப் போக மங்குகிறது. நடுவே கத்தியால் கீறியது போல ஒரு சாய்ந்த கோடு. மாதிரியைப் பிடித்திருக்கும் தாங்கியின் விளிம்பும் அதே சாய்வில்தான் இருக்கிறது.

பதில் 2:
டார்க் கரண்டில் நிழல் விழாது. அறைக்குள் ஏதோ விளக்கு எரிகிறது. அழுத்தம் அளக்க என்ன கேஜ் வைத்திருக்கிறீர்கள்? சாதாரண வெளிச்சத்தைத் தடுத்து எக்ஸ்ரேயை மட்டும் விடும் அலுமினிய ஃபில்ட்டர் எங்கே இருக்கிறது?

கேட்டவர்:
போன மாதம் பம்பு மாற்றியபோது சூடான ஃபிலமென்ட் உள்ள அயன் கேஜ் ஒன்றை மாட்டினோம். ஃபில்ட்டர் கதிர் நுழையும் வாயில் இருக்கிறது, கேஜ் அதற்கு உள்ளே, சென்சார் பக்கம்! இப்போதுதான் கேஜை அணைத்து எடுத்தேன்: 100 விநாடிக்கு 3 கவுண்ட். கோடும் போய்விட்டது. எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை.

பதில் 2:
கேமராவுக்கு ஒன்றும் ஆகவில்லை, நிம்மதியாக இருங்கள். அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, படம் எடுக்கும் முன் கேஜை அணைத்துவிடுங்கள். அல்லது வளைந்த குழாய் வழியாக மாட்டி, நடுவில் ஒரு தடுப்பும் வையுங்கள். ஃபிலமென்ட் இல்லாத குளிர் கேதோடு கேஜும் உள்ளே மின்னும், அதற்கு மாறினாலும் கவனம் தேவை.

கேட்டவர்:
இன்னொரு சந்தேகம். 600 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள எக்ஸ்ரேயில் சிக்னல் மணிக்கு மணி இறங்குகிறது, 2,000-இல் இறங்கவில்லை. நேரம் மிச்சமாகட்டும் என்று பம்பு ஓடத் தொடங்கியதுமே குளிரூட்டியையும் போட்டுவிடுகிறோம். அதனாலா?

பதில் 3:
அதனால்தான். அறையிலேயே மிகக் குளிர்ந்த இடம் உங்கள் சென்சார். அழுத்தம் நன்றாக இறங்கும் முன், சுவர்களிலிருந்து வெளிவரும் நீராவி அதன் மேல்தான் பனியாகப் படியும். ஆக்சிஜனின் உறிஞ்சல் விளிம்பு, அதாவது அது எக்ஸ்ரேயைத் திடீரென அதிகமாக உறிஞ்சத் தொடங்கும் ஆற்றல், 543 எலக்ட்ரான் வோல்ட். அதற்குச் சற்று மேலே இருக்கும் உங்கள் 600-ஐப் பனி நன்றாக உறிஞ்சும், 2,000 பெரும்பாலும் ஊடுருவிப் போய்விடும். 1999-இல் ஏவிய சந்திரா விண்வெளித் தொலைநோக்கியிலேயே சிசிடி கேமராவின் ஃபில்ட்டரில் மாசு படிந்து, குறைந்த ஆற்றலில் உணர்திறன் ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. குளிர்ந்த பரப்பைத் தேடி எதுவும் வந்து ஒட்டும்.

அழுத்தம் நன்றாக இறங்கிய பிறகு குளிரூட்டுங்கள். முடிக்கும்போது சென்சாரை அறை வெப்பநிலைக்கு மெல்லக் கொண்டுவந்து, அதன்பின் உலர் நைட்ரஜனை விடுங்கள். குளிராக இருக்கும்போது அறையைத் திறந்தால் அத்தனை ஈரமும் சென்சார் மேல்தான். முடிந்தால் சென்சாரைவிடக் குளிரான ஒரு செம்புத் தகட்டைப் பக்கத்தில் வையுங்கள், நீராவியை அது வாங்கிக்கொள்ளும்.

கேட்டவர்:
நேற்று இரவு முழுக்கப் பம்பை ஓடவிட்டு, காலையில்தான் குளிரூட்டினேன். 600-இல் நான்கு மணி நேரமாகச் சிக்னல் இறங்கவில்லை. செம்புத் தகட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருக்கிறேன்.