பெரியப்பாவின் நவம்பர் கையெழுத்து

என் பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்காரர். வெலிங்டனில் பயிற்சி முடித்து, 1971 டிசம்பரில் கிழக்கு எல்லையில் சண்டை போட்டவர். இடது கால் முழங்காலுக்குக் கீழே கிடையாது. எப்படிப் போனது என்று கேட்டால், ‘கண்ணிவெடி’ என்ற ஒரே வார்த்தையோடு முடித்துவிடுவார். மீதிக் கதை எனக்குத் தெரியவந்தது பேங்கில்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷாவருஷம் நவம்பரில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும் இல்லையா. பெரியம்மா போன பிறகு நான்தான் கூட்டிப்போவேன். மற்ற தாள்களில் சடசடவென்று கையெழுத்துப் போடுகிற மனுஷர், அந்தத் தாளில் மட்டும் பேனா முனையை வைத்துவிட்டு அப்படியே இருப்பார். மை ஊறிப் புள்ளி பெரிதாகிக்கொண்டே போகும். ஒரு வருஷம் மெதுவாகச் சொன்னார்: “அவன் வரலேன்னா இதுல கையெழுத்துப் போட ஆளே இல்லம்மா.”

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத்தையும் சொன்னார். கண்ணி புதைத்த வயலில் ஒருவன் விழுந்தால் மற்றவன் ஓடிப்போய்த் தூக்கக் கூடாது. அடுத்தது எங்கே புதைந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? பெரியப்பாவே கையை ஆட்டி, “வராதடா” என்று கத்தியிருக்கிறார். அந்தத் தோழர் கேட்கவில்லை. குப்புறப் படுத்து, துப்பாக்கிக் கத்தியால் மண்ணைச் சாய்வாகக் குத்திக் குத்திப் பார்த்தபடி ஊர்ந்து வந்திருக்கிறார். எதிரே எந்திரத் துப்பாக்கி ஓயவில்லை. சட்டையைக் கிழித்துத் தொடையில் இறுக்கிக் கட்டி, வந்த தடத்திலேயே பெரியப்பாவை இழுத்துப்போய் ஒரு பள்ளத்தில் உருட்டிவிட்டார். அவர் இறங்குவதற்குள் குண்டு பாய்ந்துவிட்டது. பெரியப்பாவின் மேலேயே சரிந்தார். விடியும் வரை அந்த உடம்பின் சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதை உணர்ந்தபடி கிடந்தாராம். எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

அந்தத் தோழருக்குப் பதக்கம் எதுவும் வரவில்லை. நடந்ததைப் பார்த்த ஒரே ஆள் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். தோழரின் அம்மா இறக்கும் வரை பெரியப்பா மாதாமாதம் மணியார்டர் அனுப்பியிருக்கிறார். வீட்டில் பெரியம்மாவுக்கு மட்டும்தான் அது தெரியும்.

ஒரு பழைய விஷயமும் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. 1999 ஜூலை 7 அன்று கார்கிலில், ‘பாயின்ட் 4875’ என்ற மலைமுகட்டில், கேப்டன் விக்ரம் பத்ரா வீரமரணம் அடைந்தார். வயது 24. பிறகு பரம் வீர் சக்ரா கொடுத்தார்கள். காயம்பட்டவரைக் காப்பாற்றப் போனவர் என்று வீடே அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, பெரியப்பா மட்டும் “அடிபட்டவன் பொழச்சானா?” என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சின்னப் பெண்ணான எனக்கு அந்தக் கேள்வி விளங்கவில்லை.

தில்லியில் தேசியப் போர் நினைவிடத்தை 2019 பிப்ரவரியில் திறந்தார்கள். அந்த டிசம்பரிலேயே அவரைக் கூட்டிப்போனேன். வட்டம் வட்டமாகச் சுவர்கள், கல்லுக்கு ஒரு பெயராக 25,000 பேருக்கும் மேல். தேடிக் கண்டுபிடிக்க வெகுநேரம் ஆயிற்று. சல்யூட் அடிப்பார் என்று நினைத்தேன். ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு, ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, அந்தப் பொன்னெழுத்துகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். கடைசி எழுத்தில் விரல் நின்றது.

“போன மாசமும் கையெழுத்துப் போட்டுட்டேன்டா” என்றார்.