ஏற்காடு மலையில் ஒரு தாயோடு உட்கார ஆள் தேவை

சேலத்தில் ஒரு மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆறுதலாக நிற்கும் கிறிஸ்தவ ஊழியராக இருக்கிறேன். எங்களிடம் வந்த சேர்வராயன் மலைக் கிராமத்துப் பெண் ஒருவருக்கு எட்டாம் மாதத்தில் குழந்தை இறந்தே பிறந்தது. இன்றோடு 19 நாள். தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பால் சுரந்துவிட்டது. நனைந்த ரவிக்கையைக் கையில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாராம். நர்ஸ் சொன்ன யோசனையில் பால் வற்றிவிட்டது, அழுகை வற்றவில்லை.

நான்கு முறை போன் செய்தேன். இரண்டு வார்த்தைக்குள் சிக்னல் போய்விடுகிறது. அதனால் 14416 மனநல உதவி எண்ணும் பயன்படவில்லை. போன வாரம் பஸ்ஸில் 20 கொண்டை ஊசி வளைவுகளும் ஏறி நேரில் போனேன். மாமியார் காபி கொடுத்தார். "அந்தப் பேச்சை மட்டும் எடுக்காதீர்கள், ஐயா" என்றார். மதம் மாற்ற வந்தவன் என்று நினைத்தாரோ என்னவோ! ஜெபம் செய்யக்கூட நான் போகவில்லை. அவர்களுக்குச் சேர்வராயன் சாமி இருக்கிறார். கிளம்பும்போது அந்தப் பெண் கதவோரம் நின்று, "பொம்பளையாக யாராவது வந்தால் பேசுவேன்" என்றார்.

இதே இழப்பைக் கண்ட, ஏற்காடு பக்கத்துப் பெண் யாராவது வாரம் ஒரு மணி நேரம் அவரோடு போய் உட்கார முடியுமா?