புதுப்பிப்பு: குளிர்கால வேட்டைக்குப் பருமனில்லாத அடுக்கு உடைகள்

உறைபனியில் அசையாமல் காத்திருக்கும்போது உடம்பு குளிரக் கூடாது, வில்லை இழுக்கக் கோட்டின் பருமனும் தடையாகக் கூடாது. என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"நடக்கும்போது லேசாகக் குளிரட்டும், உட்கார்ந்த பிறகு போட்டுக்கொள்ளுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. உள்ளே மெல்லிய மெரினோ (ஒருவகைச் செம்மறி ஆட்டின் மென்மையான) கம்பளி, மேலே ஃபிளீஸ் என்ற பஞ்சுபோன்ற செயற்கைத் துணி. இவ்வளவோடு மெதுவாக நடந்தேன். இறகு நிரப்பிய உடை பையிலேயே இருந்தது. இடத்துக்குப் போய், வேர்வை அடங்கியதும் அதைப் போட்டு, மேலே காற்றைத் தடுக்கும் சட்டை. பருத்தி அறவே வேண்டாம். ஈரமானால் அது உடம்பின் சூட்டை இழுத்துவிடும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு காக்கும்.

அந்த இறகு உடையைக் கையில்லாததாக வாங்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. மார்பும் முதுகும் கதகதப்பாக இருக்கின்றன, தோள் தாராளமாக அசைகிறது, நாணும் முன்கையில் உரசவில்லை.

எதிர்பாராத விஷயம், சத்தம். நைலான் மேலுறை கையைத் தூக்கினாலே சரசரக்கிறது. மான் அருகில் வரும்போது அது உதவாது. மேற்புறம் மென்மையான துணியாகப் பாருங்கள். அப்புறம் கால்: இரண்டு ஜோடி சாக்ஸ் பூட்ஸுக்குள் இறுக்கியதில், விரல்கள் இன்னும் அதிகமாகச் சில்லிட்டன. தடித்த கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி, விரலை அசைக்க இடம். அதுவே போதுமாக இருந்தது.