சிவப்பு வைன் கசக்கிறது: போத்தல் கெட்டதா, சாப்பாடு காரணமா?

கொம்தார்வாசி:
வணக்கம். கேபர்னே சோவினியோன் திராட்சையில் செய்த சிவப்பு வைன். நேற்று பெலாச்சான் (புளித்த இறால் விழுது) போட்ட இறால் சம்பலோடு குடித்தேன். கசப்பு வாயை விட்டுப் போகவே இல்லை. பாதிப் போத்தல் மீதி இருக்கிறது. கொட்டிவிடலாமா?

பங்சார்_சமையல்:
கொட்டாதீர்கள். வாயைக் கொப்பளித்துவிட்டு, எதுவும் சாப்பிடாமல் ஒரு வாய் வைனைப் பத்து நொடி வைத்திருந்து துப்புங்கள். பச்சை வாழைக்காயைக் கடித்ததுபோல் ஈறு வறண்டு இழுத்தால் அது துவர்ப்பு. திராட்சைத் தோலிலும் விதையிலும் இருக்கும் டானின் என்ற துவர்ப்புப் பொருள் எச்சிலிலுள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் வருவது. அந்தத் திராட்சைக்கு இயல்பு. வறட்சி போன பிறகும் நாக்கில் தங்குவதுதான் கசப்பு. விதையிலிருந்து இறங்கும் கேட்டகின் போன்ற சின்ன மூலக்கூறுகள் அதிகம் கசக்கும். அவை ஒன்றோடொன்று இணைந்து நீளமானால் கசப்பு அடங்கித் துவர்ப்பு ஏறும்.

தனியாகக் குடிக்கும்போது கசப்பு குறைவாக இருந்தால் போத்தலில் குறையில்லை.

ஆயர்ஈத்தாம்_கிண்ணம்:
பெலாச்சானைத்தான் முதலில் சந்தேகப்படுவேன். உமாமி (இறைச்சிச் சாறு போன்ற ஊறும் சுவை) மிகுந்த எதுவும் வைனின் கசப்பைத் தூக்கிக் காட்டும். மிளகாயோடு ஆல்கஹால் சேர்ந்தால் எரிச்சலும் கூடும். உப்பும் புளிப்பும் இதைத் தணிக்கும்: இறால் மேல் லிமாவ் கஸ்தூரி (சின்ன எலுமிச்சை வகை) பிழிந்து, ஒரு சிட்டிகை உப்புத் தூவி, மறுபடி ஒரு வாய் குடித்துப் பாருங்கள். சம்பலில் ஏற்கெனவே உப்பு தூக்கல் என்றால் சாறு மட்டும் போதும்.

கொம்தார்வாசி:
தனியாகக் குடித்தால் கசப்பு பாதிகூட இல்லை, துவர்ப்புதான். ஆனால் பிரிட்ஜிலிருந்து எடுத்த உடனே குடித்தேன். அதுவும் காரணமா?

பங்சார்_சமையல்:
ஆமாம். குளிர்ந்தால் பழவாசம் ஒடுங்கி, டானின் மட்டும் முன்னால் நிற்கும். நம் ஊர் 30 டிகிரியில் அப்படியே வைத்தாலும் ஆல்கஹால் நெடி ஏறும். 16 முதல் 18 டிகிரி சரி; கிளாசில் ஊற்றிக் கால் மணி நேரம் விடுங்கள்.

கார்க் மேலே தள்ளியிருந்து, கழுத்தில் கசிவுத் தடமும் வெந்த பழ வாசமும் இருந்தால் வெயிலில் கெட்டது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை கார்க் கோளாறு. லாக்டிக் பாக்டீரியா வைனிலுள்ள கிளிசராலை உடைத்து அக்ரோலின் என்ற பொருளை உண்டாக்கி, அது டானினோடு சேர்ந்து கசப்பதும் உண்டு. இன்றைய கடைப் போத்தல்களில் அபூர்வம்.

ஆயர்ஈத்தாம்_கிண்ணம்:
மீதியை மூடி பிரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள். காரம் குறைத்த ஆட்டுக்கறி வறுவல் பொருந்தும். இறைச்சிப் புரதம் டானினைப் பிடித்துக்கொள்ளும். சம்பலுக்கு அடுத்த முறை லேசாக இனிக்கும் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் வாங்குங்கள். சிவப்புதான் வேண்டுமென்றால் டானின் குறைந்த காமே திராட்சை வைன்.