உதவி: 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்றால் பேசலாம் என்கிறாரா, விட்டுவிடச் சொல்கிறாரா?

தேன்சிட்டு: பல நாட்டு ஆட்கள் சேர்ந்து செய்யும் புராஜெக்ட். என் முன்மொழிவுக்குக் குழுத் தலைவர் 'லெட்ஸ் டேபிள் திஸ்' என்று ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசப்போகிறோம் என்று நினைக்கிறேன். உடன் வேலை செய்பவரோ 'ஊத்திக்கிச்சு' என்கிறார். அகராதியில் இரண்டு அர்த்தமும் இருக்கிறது. ஸ்லைடு தயாரிக்கவா, வேண்டாமா?

மெய்யெழுத்து: அவர் பேசுவது எந்த நாட்டு ஆங்கிலம்? பிரிட்டனில் டேபிள் செய்வது என்றால் விவாதத்துக்கு முன்வைப்பது. அமெரிக்காவில் அப்படியே ஓரமாக ஒத்திவைப்பது.

கடலோடி: இதே சொல்லால் இரண்டாம் உலகப் போரின்போதே சண்டை வந்திருக்கிறது. ஓர் அறிக்கையை உடனே டேபிள் செய்யவேண்டும் என்று பிரிட்டிஷ் அதிகாரிகள் கேட்க, கிடப்பில் போடச் சொல்கிறார்கள் என்று அமெரிக்கர்கள் மறுக்க, வாக்குவாதம் நீண்டதாம். உண்மையில் இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றுதான். சர்ச்சில் தன் போர் நினைவுகளில் எழுதியிருக்கிறார்.

தேன்சிட்டு: எங்கள் குழுத் தலைவர் அமெரிக்கர்தான். ஆனால் லண்டனில் பல வருடம் வேலை பார்த்தவர்.

மெய்யெழுத்து: போச்சு! பக்கத்துச் சொல்லைத்தான் பார்க்கவேண்டும். 'ஃபார் நவ்', 'அன்டில்' என்று ஏதாவது ஒட்டியிருந்தால் ஒத்திவைப்பு. 'டேபிள் அன் அமெண்ட்மெண்ட் அட் தி மீட்டிங்' மாதிரி வந்தால் பெரும்பாலும் முன்வைப்பு. உங்களுக்கு வந்த வரியில் ஒன்றுமே இல்லையே, கேட்டுவிடுங்கள். கேட்கும்போது டேபிளைத் தொடாதீர்கள்; டிஸ்கஸ் செய்யவா, போஸ்ட்போன் செய்யவா என்று கேளுங்கள்.

நடுநிசி: நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். எங்கள் மேனேஜர் எதற்கெடுத்தாலும் 'தட்ஸ் டேபிள் ஸ்டேக்ஸ்' என்கிறார். பாராட்டா அது?

கடலோடி: பாராட்டு இல்லை. போக்கர் சீட்டாட்ட மேசையிலிருந்து அலுவலகத்துக்கு வந்த பேச்சு. களத்தில் இறங்கவே அது இருந்தாகவேண்டும், அதனால் தனிப் பெருமை கிடையாது என்கிறார். 'அண்டர் தி டேபிள்' என்றால் மட்டும் உஷார், கணக்கில் காட்டாத பணம், லஞ்சம் அந்த வகை. அப்புறம், நிலைமையைத் தலைகீழாக்குவதைச் சொல்லும் 'டர்ன் தி டேபிள்ஸ்' என்பதில் வருவது சாப்பாட்டு மேசையே இல்லை. பேக்கேமன் என்ற பகடைப் பலகை ஆட்டத்தின் வகை ஆட்டங்களுக்கு அந்தக் காலத்தில் டேபிள்ஸ் என்று பெயர். பலகையைத் திருப்பினால் தோற்கிறவன் கை ஓங்கிவிடும் அல்லவா!

தேன்சிட்டு: கேட்டுவிட்டேன். ஒத்திவைப்புதானாம். அடுத்த காலாண்டில் மறுபடி அனுப்பச் சொல்கிறார். ஸ்லைடு வேலை மிச்சம், நன்றி.