அப்பாவின் வயிற்று வலியும் ஸ்கேன் படம் சொன்னதும்

ஹட்டன் பக்கம், ஒரு மகன்:

அப்பாவுக்கு 54 வயது. தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிவிட்டு லயத்து வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்த நேரம், நெஞ்சுக்குழிக்குக் கீழே திடீரென்று பிடித்தது. சுருண்டு படுத்துவிட்டார், உடம்பெல்லாம் வியர்வை. தோட்ட டிஸ்பென்சரியில் கேஸ்டிக் என்று குளிசை கொடுத்தார்கள். அப்புறம் போன ஆஸ்பத்திரியிலும் அதேதான். ஈ.சி.ஜி. சரி, வயிறு அமுக்கினால் மெத்தென்று இருக்கிறது, சாதாரண ஸ்கேனில் குடல் காற்று மறைத்து ஒன்றும் தெரியவில்லை. ஆனால் மனிதர் துடிக்கிறார். வயிறு மெத்தென்று இருந்தும் வலி அளவுக்கு மீறினால், குடலுக்குப் போகும் இரத்தத்தைச் சந்தேகிக்க வேண்டும் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. இரண்டு நாள் வீணாகப் போனது. அதை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

கண்டியில் சாயமருந்து ஏற்றி சி.டி. எடுத்தார்கள். டொக்டர் என்னைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார். பெருநாடியிலிருந்து குடலுக்கு இறங்கும் இரத்தக்குழாயின் உள்சுவர் கிழிந்து, இரத்தம் சுவருக்குள் புகுந்து, ஒரே குழாய்க்குள் இரண்டு பாதை. பொய்ப் பாதையில் இரத்தம் உறைந்து நின்று அசல் பாதையை நெருக்கிக்கொண்டிருந்தது.

"ஒப்பரேஷன் வேணுமா சேர்?"

"குடல் சுவரைப் பாருங்க தம்பி, சாயம் நல்லா ஏறியிருக்கு, அப்படின்னா இரத்தம் போகுது. சுத்தித் தண்ணியும் சேரல்ல. இப்போ வெட்டத் தேவையில்ல. ஆனா வலி கூடினா உடனே சொல்லணும்."

வாய்க்கு ஒன்றும் கொடுக்காமல் சேலைன், வலி மருந்து, பிரஷருக்கு மருந்து. நாலாம் நாள் கஞ்சி குடித்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் உறைந்த இரத்தம் வற்றி, அசல் பாதை விரிந்திருந்தது.

நாவலப்பிட்டி, ஸ்கேன் பிரிவில் வேலை:

தம்பி, இந்தக் கிழிசலைக் கொரியாவின் யுன் குழுவினர் 2009இல் வகைப்படுத்திய முறைப்படி அப்பாவுடையது இரண்டாம் வகையில் ‘பி’ பிரிவு, அதாவது அசல் பாதை திறந்திருக்க, பொய்ப் பாதை இரத்தம் உறைந்து அடைத்திருப்பது. இரண்டு பாதையிலும் இரத்தம் ஓடி வெளியேறினால் முதலாம் வகை, குழாயே அடைத்துக்கொண்டால் மூன்றாம் வகை. ஆனால் வகை எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். அசல் பாதை எவ்வளவு நசுங்கியிருக்கிறது, கிழிசல் எவ்வளவு நீளம் இறங்குகிறது என்று டொக்டரிடம் கேளுங்கள். இவை இரண்டும் மோசமாக இருப்பவர்களுக்கு மருந்து மட்டும் போதாமல் போகலாம் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சாயம் ஏற்றுமுன் சிறுநீரகத்துக்கு இரத்தப் பரிசோதனை செய்வதும் காரணத்தோடுதான். அதற்காக ஆகும் நேரத்துக்குக் கோபப்பட வேண்டாம்.

பதுளை, ஒரு மருமகள்:

மாமாவுக்கும் முதல் படம் கிட்டத்தட்ட இப்படித்தான். மருந்தோடு வீட்டுக்கு அனுப்பினார்கள், நாங்களும் நிம்மதியாகிவிட்டோம். பிறகு சாப்பிட்டாலே வலி. பயந்து சாப்பாட்டைக் குறைத்தார், அதைக்கூட எங்களிடம் சொல்லவில்லை. சட்டை தொளதொளத்த பிறகுதான் கவனித்தோம். இரண்டாவது ஸ்கேனை, முதல் படம் பதிந்த பழைய சீடியோடு வைத்துப் பார்த்தபோது அசல் பாதை இன்னும் ஒடுங்கியிருந்தது. குழாயை விரித்துப் பிடிக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது சோறு இறங்குகிறது. பழைய சீடியைத் தொலைத்துவிடாதீர்கள்.

ஹட்டன் பக்கம், ஒரு மகன்:

அக்கா, சீடி எல்லாம் அலுமாரியில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமை கிளினிக், கையோடு கொண்டுபோகிறேன். சாப்பிட்ட பிறகு வலிக்கிறதா என்று அப்பாவிடம் நான் கேட்டதே இல்லை. இன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறேன்.